மூன்று வாட்ஸ் மச்சான்

கனடாவில், மார்க்கம் நகரில் வீடு பார்த்துத் திரிந்த நாட்களில், வீடு காட்ட வந்த முகவர் குசினி மேசையின் கல்லைத் தடவித் தடவிப் புகழ்ந்துகொண்டு நிற்பார். மச்சான் அதைக் காதில் வாங்காமல் நேரே பேஸ்மென்றுக்கு இறங்கி, நாடாவை இழுத்துக் கூரைக்குப் பிடிப்பான். ஒன்பதடிக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் அந்த வீடு சரிவராது. மாமி மேலே நின்று, "சாமியறைக்கு இடமிருக்கோ எண்டு வடிவாப் பார் மோனை" என்று குரல் கொடுப்பா. "தாராளமா இருக்கம்மா" என்று கீழேயிருந்து பதில் வரும். அவன் மனதில் இருந்த அறையில் சாமி இல்லை.

கடைசியில் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ற் 28 அடி நீளம், 20 அடி அகலம், 9 அடி உயரம். பெருக்கினால் 5,040 கன அடி. யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான புளியங்கூடலில் மாமி குடும்பம் இருந்த வீட்டை விறாந்தை, குசினியோடு தூக்கிவந்து இதற்குள் இறக்கினாலும் ஆடு கட்ட இடம் மிஞ்சும். அவ்வளவும் படம் பார்க்க. புரொஜெக்டர், திரை, சாய்கதிரை எல்லாம் மளமளவென்று முடிவாகிவிட்டன. தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெட்டியான சப்வூபரில் வந்துதான் வண்டில் புதைந்தது. ஒரு பனிக்காலம் முழுக்க அவனுக்கு வேறு பேச்சில்லை. பிறந்தநாள் வீட்டிலும் அதுதான், செத்தவீட்டிலும் அதுதான். ஒருமுறை மலர்ச்சாலையில் வரிசையில் நிற்கும்போது காதுக்குள் வந்து, "பெட்டி சீல்டாய் இருக்கிறது நல்லதோ, போர்ட்டட் நல்லதோ?" என்று கேட்டான். எங்களுக்கு முன்னால் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல?

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வருகிறவருக்கு வயர்ச் சுருள் தூக்கிக் கொடுத்தவன் நான். மச்சான் அப்போது காற்சட்டைக்குள் சேர்ட்டை விடத் தெரியாத பருவம். சுருளின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். அந்த அனுபவம் கனடாவில் செல்லுபடியாகும் என்று அவன் நம்பினான். இங்கே செல்லுபடியாகாத சான்றிதழ்கள் எத்தனையோ என் பெட்டிக்குள் கிடக்க, இது ஒன்றாவது ஆயிற்றே என்று நானும் மறுக்கவில்லை.

ஸ்பீக்கர் கட்டுவது என்றால் அது ஒரு பின்னேரத்து வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்ப்ளிபயரும் இசைத்தட்டுப் பெட்டியும் குழாய்களுமாக ஒரு வான் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, சரவணை என்று குலுங்கி வந்து சேரும். வந்தவர் கோயிலைப் பார்ப்பதில்லை; பனையைத்தான் பார்ப்பார். எது உயரம், எது காற்றுக்கு அதிகம் ஆடாது என்று அண்ணாந்து நின்று இரண்டைத் தெரிவார். சீவல்காரர் ஒருவர் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறி, வட்டுக்குக் கீழே நின்று கயிற்றை விடுவார். கீழே நாங்கள் குழாயின் கழுத்தில் சுருக்குப் போட்டுக் கொடுப்போம். குழாய் மரத்தில் இடித்து இடித்து மேலே போகும். ஒவ்வோர் இடிக்கும் சொந்தக்காரர் தன் நெஞ்சைப் பிடிப்பார். ஒன்றின் வாய் சரவணைப் பக்கம், மற்றதன் வாய் நாரந்தனைப் பக்கம். அம்மனுக்கும் கேட்கட்டும் என்று ஒரு குழாயையாவது கோயிலுக்குள் திருப்பியதாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்குச் சத்தத்தின் தரம் பார்ப்பதற்கு இருந்தது ஒரே அளவுகோல்: எதுவரை கேட்டது? ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். நேற்றைய உபயகாரருக்குக் கரம்பன்வரை கேட்டதென்றால், இன்றையவருக்கு ஊர்காவற்றுறை வரையாவது கேட்டாக வேண்டும். அனலைதீவில் கேட்டதாக ஒருவர் சத்தியம் பண்ணினார். அவர் அன்றிரவு அனலைதீவில் இருக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் மறுக்கவில்லை, மறுத்தால் ஊருக்கல்லவா குறை!

அந்தக் குழாய்க்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று மச்சானுக்கு விளக்கப்போய்த்தான் எனக்கு ஆலோசகர் பதவி உறுதியாயிற்று. மனிதக் காது மிகக் கூர்மையாய் இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ்வரையான பகுதியில். குழாய் ஸ்பீக்கர் முழங்குவதும் ஏறக்குறைய அங்கேதான். வாய்க்குப் போகப்போக விரியும் அதன் வடிவம், அம்ப்ளிபயர் கொடுக்கும் கொஞ்ச வாட்ஸையும் வீணாக்காமல் காற்றில் இறக்கிவிடும். ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வாயில்லை. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் நாரந்தனை தாண்டிப் போகும். அவர் பாட்டுக்கு வாசித்த மிருதங்கத்தின் தொப்பி இசைத்தட்டை விட்டே இறங்காது. 20 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 56 அடி. அதை ஒழுங்காக வெளியே அனுப்பக் குழாய் செய்தால் அதன் வாய் கிட்டத்தட்ட 18 அடி அகலம் இருக்கவேண்டும். இதைச் சொன்னதும் மச்சான் திரும்பி, 20 அடிச் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். கூரை ஒன்பதடிதான் என்று நினைவூட்டி அவனைத் திருப்ப வேண்டியதாய்ப் போயிற்று.

அதற்காக ஊரில் அடி, அதாவது தாழ்ந்த ஒலியின் அதிர்வு, கேட்காமல் வளர்ந்தோம் என்றில்லை. கரண்ட் இல்லாத அடி இருந்தது. மேளச் சமா நடக்கும்போது வீதி மணலில் தவிலுக்குக் கிட்டப்போய் இருந்தால், இடப்பக்கத்துத் தொப்பியில் கழி விழுகிற ஒவ்வொரு முறையும் காதுக்கு முதல் வயிற்றுக்குத் தெரியும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டிருந்த பெரியவர்கள், 1975இல் அவர் மறைந்த பிறகும், வேறு யார் வாசித்தாலும் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தவிலைவிட ஆழமாக அதிர்ந்தது பறை. அது வெளியில்தான் நின்றது. அடிக்கிறவரை உள்ளே விடாத கோயில்கள் இருந்த காலம். உள்ளே போவதற்காக மாவிட்டபுரத்தில் 1968இல் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டி வந்த நாடு அது. ஆளை வாசலில் மறித்தார்கள். பறையின் முழக்கமோ ஒருவரிடமும் கேளாமல் மதிலைத் தாண்டி மூலஸ்தானம்வரை போய்வந்தது. தாழ்ந்த அதிர்வை எந்தச் சுவரும் லேசில் மறிக்காது என்கிற அதே உண்மையை இப்போது ஓர் ஒப்பந்தக்காரர் மச்சானுக்கு மணிக்கூலி வாங்கிக்கொண்டு விளக்குகிறார்.

ரேடியோவில் அடி வரவேண்டும் என்ற ஆசையை எங்களுக்கு ஊட்டியவர், ஊரில் ரேடியோ திருத்திய அண்ணை ஒருவர். அவருடைய கொட்டிலில் ஒரு கள்ளு முட்டி இருந்தது. அதன் வாயில் நாலங்குலக் கூம்பு ஒன்றை வைத்து, விளிம்பைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கி, முட்டியின் தோளில் ஒரு துளையும் போட்டிருந்தார். துளை எவ்வளவு பெரிதாய் இருக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் கணக்கு எதுவும் இல்லை. சின்னதாய்ப் போட்டு, கேட்டு, அரத்தால் கொஞ்சம் அராவி, திரும்பக் கேட்டு, "காணும்" என்று நிறுத்துவார். பெரிதாய்ப் போனால் வேறு முட்டிதான்; முட்டிக்கு ஊரில் பஞ்சமில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா அந்த முட்டிக்குள்ளிருந்து பேசியபோது, கொட்டிலுக்குள் இன்னொரு ஆள் வந்து நிற்பதாகவே தோன்றும். புது முட்டியென்றால் கொஞ்ச நாளைக்குப் பாட்டோடு கள் வாசமும் வரும். அதையும் ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

போர்ட்டட் பெட்டி என்பது அந்த முட்டிதான். உள்ளே அடைபட்ட காற்றும் துளைக்குள் நிற்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஊசலாடும். அந்த இடத்தில் கூம்பு அதிகம் அசையாமலே சத்தம் பெருகும். சுருதிக்குக் கீழே போனால் திடீரென்று காலை வாரிவிடும்: ஓர் ஒக்ரேவுக்கு 24 டெசிபல் வீதம் விழும். துளையில்லாத சீல்ட் பெட்டி 12 டெசிபல் வீதம் மெல்ல மெல்ல இறங்கும். சின்ன அறைக்காரனுக்குச் சீல்டே போதும். அறையின் நீளம் அரை அலையைவிடக் குறைந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் அறையே அமுக்கித் தூக்கிக் கொடுக்கும். மச்சானின் அறைக்கு நீளம் 28 அடி, அதாவது 20 ஹெர்ட்ஸின் அரை அலை. அந்த உதவி 20க்குக் கீழேதான் தொடங்கும். மனிதக் காது அங்கே ஏறக்குறைய கடையைச் சாத்திவிட்டது. ஆகவே அவனுக்கு அறை ஒரு சதமும் கடன் தராது. முழுக்காற்றையும் கூம்பே தள்ளவேண்டும். 40 ஹெர்ட்ஸில் தள்ளியதைப்போல நாலு மடங்கு காற்றைத் தள்ளினால்தான் 20இல் அதே சத்தம் வரும். பெரிய வீடு வாங்கினவன் எல்லாவற்றையும் பெரிதாய் வாங்கவேண்டும் என்று மாமி திரைச்சீலைக் கடையில் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அவன் முதலில் கண் வைத்தது எஸ்.வி.எஸ் நிறுவனத்தின் பிபி-16 அல்ட்ராவில். 16 அங்குலக் கூம்பு, 1,500 வாட்ஸ், நிறை எண்பது கிலோவுக்குக் கிட்ட. "ரண்டு வாங்குவம் மச்சான்" என்றான். மூவாயிரம் வாட்ஸ். இதைச் சொன்ன வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1992இல் எங்கள் இரண்டு குடும்பத்துக்குமான முழு மின்சாரத்தையும் இவனுடைய கால்கள்தான் உற்பத்தி செய்தன.

அதற்கு முதல், எண்பதுகளில், வீடியோ டெக் வந்தது. ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து, விடிய விடிய மூன்று படம். எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேற்றர்தான். அதன் சத்தம் படத்தைக் கெடுக்கும் என்று நீள வயர் இழுத்துப் பின்வளவில் வைப்பார்கள். ஆனாலும் ரீவிக்குள் இருந்த கையளவு ஸ்பீக்கரைவிட அதற்குத்தான் குரல் பெரிது. சிவாஜி அழுதாலும் ரஜினி அடித்தாலும் பின்னணியில் ஒரே முழக்கம். இவ்வளவு காலம் கழித்து அந்தப் படங்களை நல்ல பிரதியில் பார்க்கும்போது, எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. கரண்ட் இருந்த இடங்களிலும் அது போயிற்று, பற்றரிக்குத் தடை வந்தது. ஊரில் எல்லாரும் பங்கர் வெட்டினோம். எங்கள் தீவில் அது லேசுப்பட்ட வேலையல்ல: கொஞ்சம் கீழே போனால் சுண்ணாம்புக்கல், அதை உடைத்தால் உவர்த்தண்ணி. ஆகவே பாதி கிடங்கு, பாதி மேடு. பனங்குற்றி அடுக்கி, உரப்பையில் மணல் நிரப்பி மேலே போட்டோம். வாசல் இரண்டு, ஒன்று அடைபட்டால் மற்றது. உள்ளே இருந்தபோது ஷெல்லின் கூவல் கேட்பதில்லை. உயர்ந்த ஒலியெல்லாம் மணல் மூட்டையோடு நின்றுவிடும். வந்து சேர்ந்தது அடி மட்டும். நிலம் வழியாக வந்து, முதலில் குதிக்காலுக்கும் பிறகு நெஞ்சுக்கும் ஏறும். சியாமாசெட்டி விமானம் போட்ட குண்டின் அடியை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. கேட்டவர்களுக்குத் தேவையில்லை, கேளாதவர்களுக்கு எந்த சப்வூபராலும் காட்டமுடியாது, காட்டவும் வேண்டாம்.

பிறகு ஊரைவிட்டு எழும்பி வலிகாமத்தில் ஒரு வீட்டின் பாதியில் இருந்தோம். அங்கேதான் மச்சான் மின்சார சபையானான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, நாலு டயோட் போட்டு நேரோட்டமாக்கி ரேடியோவுக்குக் கொடுப்போம். 6 வோல்ற், 3 வாட்ஸ். பின்னேரமானால் பெரியவர்கள் கதிரையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பிபிசி தமிழோசைக்குக் காத்திருப்பார்கள். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது மச்சான் களைப்பான். ஐயா பொல்லால் மட்காட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். செய்தி முடிந்து பெரிசுகள் எழும்பின பிறகு எங்கள் முறை. கசற் போடுவோம். அந்த 1992இல்தான் 'ரோஜா' வந்தது. எப்படியோ கடல் தாண்டி, பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்துபோன ஒரு கசற் எங்களிடமும் வந்தது. மிதி சரியாக இருந்தால் பாட்டுச் சரியாக இருக்கும். மிதி குறைந்தால் மோட்டர் தளர்ந்து பாட்டு இழுபடும். பாடுகிற பெண் ஆணாவாள், ஆண் குகைக்குள் இறங்குவான். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பேஸ், மச்சான் களைத்தபோது வந்ததுதான். ரகுமான் அந்தப் பாட்டுகளுக்குள் உண்மையாகவே பேஸ் கிற்றார் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது ஸ்காபரோவில், இன்னொருவருடைய காருக்குள்.

இப்போது கணக்குப் பார்த்தேன். 1,500 வாட்ஸ் பெட்டி ஒன்றை முழுமூச்சில் ஓட்ட ஐந்நூறு மச்சான்மார் ஐந்நூறு சைக்கிளில் ஏறவேண்டும். இரண்டு பெட்டிக்கு ஆயிரம் பேர். இதை அவனிடம் சொன்னேன். சிரிக்காமல் யோசித்துவிட்டு, "அதுக்கும் மேலை டயோட்டில கொஞ்சம் போகும்" என்றான். இங்கே ஆயிரம் பேருக்குப் பதிலாக ஓர் எலக்ற்றீசியன் வந்தார். வீட்டுச் சாதாரண வயர் 120 வோல்ற், 15 அம்பியர். பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட்ஸ். ஆகவே தியேட்டருக்கென்று தனி வயர்கள் இழுத்தார். அவர் ஊர் கேட்டேன், நெடுந்தீவு. அங்கே அவர் எதை மிதித்தார் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சுவர்வேலை. மரச்சட்டங்களுக்கு நடுவே பாறைக்கம்பளி, அதன் மேலே பலகைச்சுவர், அதில் கிரீன் க்ளூ என்ற பசை, அதன் மேலே இன்னொரு பலகைச்சுவர். கனத்த கதவு, கதவைச் சுற்றி ரப்பர். ஜன்னல் இருந்த இடத்தை அடைத்தாயிற்று. மூலையில் ஒரு கிடங்கு, அதற்குள் நிலத்தடித் தண்ணியை இறைக்க ஒரு பம்ப். வேலை முடிந்த அன்று மாமியைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தோம். நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தா. கையால் சுவரைத் தட்டிப் பார்த்தா, சத்தம் எழவில்லை.

"உதென்ன மோனை, பங்கரோ?"

"தியேட்டரம்மா."

"மற்ற வாசல் எங்கை?"

மச்சானிடம் பதில் இல்லை. படம் பார்க்கிற இடத்துக்கு எதற்கு இரண்டு வாசல் என்று சமாளித்தான். மாமி நம்பவில்லை. இன்றைக்கும் கீழே வந்தால் கதவுக்குக் கிட்ட உள்ள கதிரையில்தான் இருப்பா.

எங்கே வைப்பது என்பதுதான் எதை வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965 முதல் ஃபிளாய்ட் டூல் என்பவர் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை ஒளித்துவைத்து, பெயரையும் விலையையும் பார்க்காமல் ஆட்களைக் கேட்கவைத்து ஆராய்ந்தார். பின்னர் அவர் சேர்ந்த ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்ரி என்பவர் 2002இல், ஓர் அறைக்கு எத்தனை சப்வூபர் போதும் என்றே ஓர் ஆய்வை வெளியிட்டார். நாலு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும். அதற்கு மேலே கூட்டினாலும் பெரிய லாபமில்லை என்பது அதன் சாரம். ஒரு மூலையில் ஒரு பூதத்தை நிறுத்தினால் அறையின் இரண்டு முனையிலும் 20 ஹெர்ட்ஸ் குவியும். சரி நடுவில் ஒன்றுமே இராது. மச்சான் தன் சொந்தக் கதிரையைப் போட்டிருந்தது சரி நடுவில். இவ்வளவு செலவழித்தவன் மட்டும் அடியில்லாமல் படம் பார்க்க, கடைசி வரிசையில் சிற்றுண்டி கொறிக்கிற விருந்தாளிக்கு ஈரல் குலுங்கும். இந்த ஒரு வாதம்தான் அவனை அசைத்தது. ஊரில் உபயகாரனாய் இருந்து பழகின குடும்பம். காசு கொடுத்தவனுக்குக் கேட்காத மேளமா?

ஆனாலும் நேரில் சோதிக்காமல் விடமாட்டேன் என்றான். அதற்கு ஒரு பழைய வழி உண்டு: சப்வூபரை நாம் இருக்கப்போகும் கதிரையில் ஏற்றிவைத்துவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து எங்கே அடி சமமாய்க் கேட்கிறது என்று பார்க்கவேண்டும். கேட்கிற இடமே வைக்கிற இடம். ஐம்பதைத் தாண்டிய, வயிறு தரையைத் தொடுகிற ஒரு மனிதன் புதுக் கம்பளத்தில் நாலுகாலில் போக, சாய்கதிரையில் இரவல் வாங்கிய சின்னச் சப்வூபர் ஒன்று கால்நீட்டிப் படுத்து உறுமிக்கொண்டிருந்தது. மாமி படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தா.

"என்னத்தைத் துலைச்சனி?"

"பேஸ் தேடுறன் அம்மா."

"பேர்ஸை நீ காரிலையெல்லே வைச்சனி."

முடிவில் பூதங்கள் இரண்டும் கைவிடப்பட்டு, அவற்றைவிடச் சின்னதாய் நாலு வந்தன. நாலும் துளை வைத்தவை, முட்டியின் பேரப்பிள்ளைகள். ஒரு மைக்கை வைத்து அளந்து, கணினியில் கோடு கீறி, ஒன்றுக்கொன்று நேரத்தைச் சரிசெய்து எடுக்க ஒரு வார இறுதி போயிற்று. கோடு நேராக வந்தபோது மச்சான் அதைப் படமெடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பினான். யாரோ இருதயப் பரிசோதனை முடிவு என்று நினைத்து, "கவலைப்படாதையுங்கோ, கடவுள் இருக்கிறார்" என்று பதில் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் படம். போர்ப்படம் வேண்டாம் என்றேன், டைனோசர் போட்டான். அது நடந்து வருகிற இடத்தில் எனக்குக் கதிரை ஆடியது. மேலே குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின. சாமியறையில் மணி தானாக அடித்ததென்று மாமி சொன்னா. இரண்டு அடுக்குச் சுவரும் பசையும் ரப்பரும் பேச்சுக்குரலை அப்படியே விழுங்கிவிட்டன. அடி மட்டும் பறை போன வழியில் போயிற்று. அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, மிகுந்த மரியாதையோடு, இரவு ஏதோ அதிர்ந்ததே, எல்லாம் சுகமா என்று விசாரித்தார். மச்சான் மன்னிப்புக் கேட்டான், தேத்தண்ணி கொடுத்தான், இனிக் குறைப்பதாக வாக்குக் கொடுத்தான். அவர் படியிறங்கும்போது மட்டும் அடக்கமுடியாமல் ஒரு கேள்வி கேட்டான்: "அதற்கு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்குமோ?"

இப்போது அந்த அறையில் அதிகம் ஓடுவது படம் இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவை ஒரு பெடியன் போனில் பிடித்து நேரலையாக அனுப்புகிறான். இங்கே விடிகாலை, அங்கே பின்னேரம். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போர்வையோடு வந்து சாய்கதிரைகளில் ஏறிவிடுவோம். அம்மன் சுவர் அளவுக்கு வந்து நிற்பா. கோயில் வீதியில் இப்போது பனையில் குழாய் கட்டுவதில்லை. வெளிநாட்டுக் காசில் ஆளுயரப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். கேட்கத்தான் அங்கே ஆள் குறைவு.

போன முறை தவில் தொடங்கியதும் மச்சான் நாலு சப்வூபரையும் கொஞ்சம் ஏற்றினான். வந்தது மேளம் இல்லை. புளியங்கூடலின் சோளகக்காற்று போனின் மைக்கில் மோதி, நாலு பெட்டி வழியாக மார்க்கத்துக்குள் இறங்கியது. அறை முழுக்க உறுமல். மேளமும் நாயனமும் அதற்குள் எங்கேயோ தவிக்கின்றன.

"காத்தை நிப்பாட்டு மோனை, குளிருது" என்றா மாமி.

மச்சான் பெடியனுக்குப் போன் எடுத்தான். "தம்பி, மைக்குக்கு முன்னாலை ஒரு துணியைக் கட்டு."

"என்னண்ணை?"

"துணி! துணி!"

"சவுண்ட் கூட அண்ணை, ஒண்டும் விளங்கேல்லை. மெசேச் போடுங்கோ."

போட்டான். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கை வந்தது, ஒரு சால்வை வந்தது, பிறகு எல்லாம் கறுப்பாயிற்று. பெடியன் போனையே முழுக்கச் சுற்றிவிட்டான். ஆனால் காற்று நின்றது. தவில் தெளிந்து வந்தது. தொப்பியில் கழி விழுந்தபோது கம்பளம் வழியாகக் காலுக்குத் தெரிந்தது. மச்சான் இருட்டுக்குள் எழும்பி நின்று, "தொப்பி வருகுது, தொப்பி வருகுது, வடிவாக் கேளுங்கோ!" என்று கத்தினான்.

"தொப்பி கிடக்கட்டும்" என்றா மாமி, கதவடிக் கதிரையில் இருந்து. "தீபாராதனை வரப்போகுது. அம்மன்ரை முகத்தில கிடக்கிற சால்வையை எடுக்கச் சொல்லு."